ஞாபகத்தைச் சுவரில் மாட்டுவோம்
(கொத்மலைப் பகுதி தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்ட வேலை எப்படி நடக்குது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கள். அந்தக் காலத்தில் விடியுமுன்னே தப்படிச்சு எழுப்பினார்கள். காலைப் பெரட்டில் யார் எந்த மலைக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். செக்ரோலில் பேர் விழுது. ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை அதே மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்புகிறோம். ரவுண்டு பிந்தினால் கொழுந்து முத்திப்போகும். இத்தனையையும் யாரும் மனசில் வைத்து நடத்தவில்லை. சத்தமும் எழுத்தும் முறையும்தான் நடத்துது.

லயத்துக்கு வந்ததும் எல்லாத்தையும் மனசிலேயே வைக்கப் பார்க்கிறோம். அடகுத் தவணை மறந்தால் நகை ஏலத்துக்குப் போகுது. கிளினிக் நாள் தவறினால் பிரஷர் மாத்திரை முடிஞ்சுபோகுது.

சிலருக்கு இது கூடுதல் கஷ்டம். திட்டம் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வைப்பதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது முழுதாக வளர ஏறக்குறைய 25 வயதாகும். ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும், தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கும் இந்த ஆற்றல் குறையலாம். வேலை செய்ய அவர்களுக்கு மனசில்லாமல் இல்லை. தொடங்குவதும், நேரம் போவதை உணர்வதும்தான் கஷ்டம். அடிச்சால் அது வராது. "சோம்பேறி", "மக்கு" என்று பேர் வைத்தால் பிள்ளை பாடசாலையையே வெறுத்துவிடும்.

ஆகவே, மலையில் செய்வதை வீட்டிலும் செய்வோம்.

முதலாவது, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரே ஒரு கலண்டர். சம்பளம் வந்த அன்றே கடன், அடகு, கிளினிக் நாட்களை அதில் வட்டம் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போதும்: மாத்திரைக்கு ஒரு பொட்டு, வங்கிக்கு ஒரு காசு.

இரண்டாவது, பெரிய வேலையைத் துண்டாக்குங்கள். "ரெடியாகு" என்றால் சில பிள்ளைகளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. முகம் கழுவு, உடுப்பு மாத்து, சாப்பிடு, பேக்கை எடு என்று நாலு படம் கீறிக் கதவில் ஒட்டுங்கள். பேக்கை முதல்நாள் இரவே அடுக்கி வையுங்கள்.

மூன்றாவது, போனில் இரண்டு அலாரம். ஒன்று வேலையைத் தொடங்க, மற்றது வீட்டை விட்டுக் கிளம்ப.

நாலாவது, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, அடகுத் துண்டு, சேமலாப நிதிக் கடுதாசி எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் இருக்கட்டும்.

தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து வந்து தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை என்று ஓடுகிற பெண்ணுக்கு மறதி வந்தால், அது மூளைக் குறையென்று முடிவு கட்டக்கூடாது. அந்த வீட்டில் கலண்டருக்கு முன்னே வேலையைப் பங்கு போடுங்கள்.

சின்ன வயசிலிருந்தே வீட்டிலும் பாடசாலையிலும் இந்தக் கஷ்டம் இருந்தால், தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நாலையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று இரவு ஒன்று போதும். அது தவறினால் ஆளைத் திட்டாமல், படத்தை இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள்.