கைக்கடிகாரமும் நாமும்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் வாய்ப்பைப் பெறாத ஓர் இரயில்வே எழுத்தர் யாம். கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் உரையாற்றவல்ல அறிஞர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றார்கள். ஆகவே எமக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச இசைவு கேட்டோம். செயலாளர் அவர்களும் அன்புடன் இசைந்தார்கள். அப்பொருள் கைக்கடிகாரம். கடிகாரத்தைப் பற்றிப் பேச வந்தவரின் கை வெறுங்கையாக இருக்கின்றதே என்று முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. அதற்குரிய காரணத்தை உரையின் இறுதியில் கூறுவோம்.

கைக்கடிகாரம் மிகப் பழமையான பொருளன்று. நம் முன்னோர் காலத்தில் கடிகாரம் என்றால் சங்கிலியோடு சட்டைப் பையில் கிடப்பதுதான். அதை மணிக்கட்டில் கட்டிக்கொள்வது பெண்டிர்க்குரிய அணி என்று மேனாட்டு ஆடவர் எள்ளி நகையாடிய காலமும் உண்டு. 1914-ல் மூண்ட முதல் உலகப் போர் அந்த நகைப்பை அடக்கிற்று. குறித்த நொடியில் பீரங்கி முழங்க வேண்டும். குறித்த நொடியில் படை நகர வேண்டும். துப்பாக்கி ஏந்திய கைக்குப் பையைத் துழாவ நேரம் ஏது? ஆகவே கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிற்று. போர் முடிந்து வீடு திரும்பிய பின்னும் வீரர்கள் அதைக் கழற்றவில்லை. கைக்கடிகாரம் ஊர் உலகமெங்கும் பரவியது வேலை செய்யும் கைகளால்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

நாட்டின் நேரத்தை ஒன்றுபடுத்தியதில் இருப்புப்பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் சென்னைக்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம் என்று இருந்தது. அப்போது இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தையே கைக்கொண்டிருந்தன. 1906 சனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகை நெடுங்கோடு அதற்கு அடிப்படை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விட மனமின்றி வைத்திருந்தன என்பதும் வரலாறு.

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத்தான் இது மிகவும் வேண்டும். எம் தந்தையார் விருத்தாசலத்துக்காரர். அவ்வூர் 79 பாகையில் உள்ளது; நம் கரக்பூர் 87 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், இங்கே கதிரவன் உச்சிக்கு வந்து அரைமணி கழிந்த பின்னரே அங்கே உச்சிக்கு வருகின்றான். எம் அன்னையார் மணமாகி வந்த முதல் மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழக் கண்டு கலங்கிப் போனாராம். 'ஊரில் இந்நேரம் வெயில் இருக்குமே' என்று கண் கலங்கியவரிடம் தந்தையார் தம் கைக்கடிகாரத்தைக் காட்டி, 'பொழுதுதான் வேறு, மணி ஒன்றுதான். நீ விளக்கேற்றும் இந்த ஐந்து மணிதான் உன் அம்மாவுக்கும் ஐந்து மணி' என்று தேற்றினாராம். அன்றுமுதல் ஊரை நினைக்கும்போதெல்லாம் அன்னையார் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

அந்தக் கடிகாரம் 1979-ல் தந்தையார் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய வகை. அதன் முகப்பிலுள்ள எண்கள் தேவநாகரி எழுத்தில் அமைந்தவை. 1965-ல் பள்ளி மாணவராக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவர், இந்தி எண்களைக் கையில் கட்டிக்கொண்டது எப்படி என்று நண்பர்கள் கேலி செய்வார்களாம். 'கடையில் எஞ்சியிருந்தது அது ஒன்றே. என் பணத்துக்கு எட்டியதும் அது ஒன்றே' என்பது தந்தையாரின் மறுமொழி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத எம் அன்னையாரோ அக்கடிகாரத்தைப் பார்த்தே ஒன்று முதல் பன்னிரண்டு வரை இந்தி எண்களைக் கற்றுக்கொண்டார். கடைத்தெரு விலைப்பலகையைப் பிறர் உதவியின்றிப் படிக்கலானார்.

தந்தையார் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றினார். இரயில்வேயின் பொது விதிகளின்படி ஒவ்வொரு நாளும் 16 மணிக்குத் திட்ட நேரம் முதன்மையான நிலையங்களுக்கெல்லாம் அறிவிக்கப்பெறும். அதைக் கொண்டு நிலையக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள்; நிலையக் கடிகாரத்தைக் கொண்டு தந்தையார் தம் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். விடுமுறை நாளிலும் மாலை நான்கு மணிக்கு அவர் கை கடிகாரத்தின் சாவிக்குச் செல்வதை யாம் சிறுவயதில் கண்டிருக்கின்றோம்.

அக்கடிகாரம் பிறந்த கதையும் அறியத்தக்கது. அரசுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. அதற்கு முன் நல்ல கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். ஜனதா, பைலட், சோனா, கோகினூர், காஞ்சன் என்று பெயர் பெற்ற கடிகாரங்கள் எளியோர் கைகளிலும் ஏறின. தேர்வில் வென்ற மகனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், ஓய்வுபெறும் ஊழியர்க்கும் அவையே பரிசு. பின்னர்ப் பேட்டரியில் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-ல் உருவாக்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை அமைத்து அவ்வகையில் முன்னேறிற்று. சாவிக் கடிகாரங்களின் காலம் தேய்ந்தது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

இனி எம் கதைக்கு வருகின்றோம். 2001-ல் பணியிலிருக்கும்போதே தந்தையார் மறைந்தார். கருணை அடிப்படையில் எமக்குக் கலாசி வேலை கிடைத்தது. பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தர் ஆனோம். தந்தையாரின் கடிகாரத்தை அன்னையார் எம்மிடம் தந்தார். கட்டிக்கொண்டால் தேய்ந்துவிடும், வேலையில் அடிபட்டுவிடும் என்று அஞ்சி, அதைப் பட்டுத் துணியில் பொதிந்து தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். ஊரிலிருந்து பாட்டியார் தந்தையாருக்கு எழுதுவித்த கடிதங்களும் அதே பெட்டியில் இருந்தன. அன்றாடம் அணிய ஒரு மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தை வாங்கிக்கொண்டோம். இதை அன்பு என்றே எண்ணியிருந்தோம்.

ஆலை மூடப்படும் செய்தியைப் படித்த நாள்முதல் பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில் பதினொரு கடிகாரங்கள் சேர்ந்தன. எம் இல்லாளின் பார்வையைக் கண்டு பன்னிரண்டாவதை வாங்கவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தொலைபேசி வழியே அறிமுகமான ஒருவர், 'இரயில்வே ஊழியர்க்கென்றே செய்யப்பெற்ற அரிய ஜனதா' என்று ஒன்றைக் காட்டினார். வான்நீல முகப்பு, நடுவே புகைவண்டி இன்ஜின் படம். இரயில்வே எழுத்தர் வேறு எதில் மயங்குவார்? 2,500 ரூபாய் அனுப்பினோம். வந்து சேர்ந்த கடிகாரத்தின் எழுத்துகள் மசிந்திருந்தன. நிமிடக் கோடுகள் முள்ளோடு பொருந்தவில்லை. பழைய கடிகாரத்தின் முகப்பைச் சுரண்டி, புது வண்ணம் பூசி, அரிய பொருள் என்று விற்கும் வாணிகம் ஒன்று உண்டு என்பதை அதன் பின்னரே அறிந்தோம். வாங்க விழைவோர் எழுத்தின் கூர்மையையும் கோடுகளின் ஒழுங்கையும் முதலில் பாருங்கள். பளபளப்பு மிகுந்தால் ஐயமும் மிகட்டும்.

2019-ல் ஒரு நாள், தந்தையாரின் கடிகாரத்தையும் இவற்றோடு வைக்கலாமென்று தகரப் பெட்டியைத் திறந்தோம். சாவி திரும்பவில்லை; முள் அசையவில்லை. நெஞ்சு திடுக்கிட்டது. கோல் பஜாரில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். கண்ணில் ஆடியைப் பொருத்தி நெடுநேரம் பார்த்தவர், 'இதை எத்தனை ஆண்டுகள் பூட்டி வைத்தாய்?' என்று கேட்டார். பதினெட்டு ஆண்டுகள் என்றோம். உள்ளிருந்த எண்ணெய் பசைபோல் இறுகிவிட்டது. வங்காளத்து மழைக்கால ஈரம் உட்புகுந்து பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு துருவேறிவிட்டது. அவர் வங்காள மொழியில் கூறியதன் பொருள் இதுதான்: 'ஓடி ஓடிக் கெட்ட கடிகாரங்கள் என்னிடம் வருவதுண்டு, அவற்றைச் சரிசெய்யலாம். நின்று நின்று கெட்டவைதாம் என்னை வருத்துகின்றன.'

மாற்றுச் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. அப்போது எமக்கு அந்த வான்நீலக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தோம். மூடியைத் திறந்தவர் சிரித்தார். முகம்தான் பொய், உள்ளே இருந்த இயந்திரமோ உண்மையான ஜனதா! அதன் பாலன்ஸ் சக்கரம் தந்தையாரின் கடிகாரத்தில் ஏறிற்று. எம்மை ஏமாற்றிய கடிகாரமே தந்தையாரின் கடிகாரத்துக்கு உயிர் தந்தது. அவ்வகைக் கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஒலியைக் கேட்ட எம் அன்னையார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாவிக் கடிகாரம் வைத்திருப்போர்க்கு அம்முதியவர் கூறிய முறைகளை இங்கே சொல்லி வைக்கின்றோம். நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். கையில் கட்டியவாறு கொடுக்காமல் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். இல்லையேல் சாவித்தண்டு சாயும். மேலும் திரும்ப மறுக்கும்போது நிறுத்திவிடுங்கள். வியர்வையைத் துடைத்து வையுங்கள். பழைய கடிகாரத்தை நீரில் நனைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிடச் செய்யுங்கள். பல கடிகாரங்கள் இருப்பின் ஒவ்வொன்றையும் முறைவைத்து அணியுங்கள். யாமும் எம் பத்துக் கடிகாரங்களுள் ஆறினை, அணிந்துகொள்வோம் என்று சொன்ன உறவினர்க்கும் நண்பர்க்கும் கொடுத்துவிட்டோம்.

இவ்வாண்டு எம் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதினாள். தேர்வறையில் கைப்பேசிக்கு இடமில்லை. 'தாத்தாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போகட்டுமா, அப்பா?' என்று கேட்டாள். எமக்கோ பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கிற்று. விழுந்தால்? தொலைந்தால்? யாம் தயங்கி நிற்க, அடுக்களையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: 'குடுத்துடுப்பா. அவர் என்ன, பெட்டியில் வைக்கவா வாங்கினார்?' கொடுத்தோம். ஒவ்வொரு தேர்வு நாளிலும் மகளே சாவி கொடுத்தாள். தேர்வு முடிந்த பின்னும் அவள் அதைக் கழற்றவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவளது கையில்தான் அக்கடிகாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றது. எம் வெறுங்கைக்குக் காரணம் இதுவே.

அன்பர்களே, உரையை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அப்பெட்டியில் கடிதங்களும் இருந்தன என்று முன்னரே கூறினோம். தாத்தாவின் கடிகாரத்தை வாங்கியவள், தாத்தாவுக்கு வந்த கடிதங்களையும் எடுத்துப் பார்த்தாள். கடிகாரத்தின் தேவநாகரி எண்களைப் பார்த்த மாத்திரத்தில் படிக்கும் எம் மகளுக்கு, அக்கடிதத்தின் ஒரு வரியையும் படிக்கத் தெரியவில்லை. வீட்டில் தமிழ் பேசுகின்றோம், அது போதும் என்று இருந்துவிட்டோம். தமிழ் எழுத்தைப் பட்டுத் துணியில் பொதிந்து, பொங்கலன்றும் ஆண்டுவிழாவன்றும் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பூட்டி வைத்தோம். கடிகாரத்துக்குச் செய்த அதே பிழையை மொழிக்கும் செய்தோம். கடிகாரத்தைச் சரிசெய்யக் கோல் பஜாரில் ஒருவர் இருந்தார். இதற்கு யாரிடம் போவது?

போக இடம் உண்டு. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புத்தான் அது. தேர்வு முடிந்த மறுவாரமே எம் மகள் அதில் சேர்ந்தாள். பத்து வயதுச் சிறுவரோடு அமர்ந்து அகரம் எழுத முதலில் நாணினாள். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கின்றாள். சென்ற மாதம் தன் பாட்டியின் அருகமர்ந்து அவள் படித்து முடித்த முதல் கடிதம் 1979-ல் வந்தது. அதில் கொள்ளுப்பாட்டியார், 'கைக்கடிகாரம் வாங்கினாயாமே, மணி சரியாகக் காட்டுகிறதா?' என்று கேட்டிருந்தார். எம் மகள் தன் மணிக்கட்டைப் பார்த்து, 'இரண்டு நிமிடம் பின்னால் ஓடுகிறது, பாட்டி' என்று உரக்க விடை சொன்னாள்.

வகுப்பில் இன்று இருப்போர் ஒன்பது பேர். காலனியில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். சாவி கொடுக்க நாளொன்றுக்கு அரை நிமிடம் ஆகின்றது. தமிழ் வகுப்புக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள் என்று இரு கைகூப்பி வேண்டுகின்றோம்.