பூட்டிய பள்ளிக்கூடம்



எங்க ஊரில் பூட்டிக் கிடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்குள்ள போன மாசம் போனேன். தரையெல்லாம் புறா எச்சம்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தில் எங்க தாத்தாக்களிடம் கைரேகை எடுத்தார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உட்பட 16 பேர் உயிர் போனது. அந்தக் காலத்தில் தொடங்கியவைதான் இந்தப் பள்ளிகள். 1947-ல் சட்டம் ஒழிந்தது, பள்ளிகள் நிலைத்தன.

கைரேகை வெச்ச குடும்பத்துப் பிள்ளை நான், அங்கே படிச்சுத்தான் குழுத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுறேன். ஆனா குழுக் கடன் வாங்கி மகனைத் தனியார் பள்ளி வேனில் ஏத்தினதும் நான்தான். எல்லாரும் ஏத்தினோம், பள்ளிக்குப் பூட்டு விழுந்தது.

உங்க ஊர்ப் பள்ளி திறந்திருந்தா, ஜூன் சேர்க்கைக்கு முந்தியே குழுக் கூட்டத்தில் பேசுங்க.