ஐஸ் ஹவுஸில் ஒரு குடும்பம்

 

ஒரு அம்மா இறந்துட்டா நம்ம ஊர்ல அவங்களைப் பத்தி மூணு விஷயம் சொல்லுவோம். குடும்பத்துக்காகவே வாழ்ந்தாங்க. தெய்வ பக்தி அதிகம். நாலு பேருக்கு நல்லது செஞ்சாங்க. மாலை போட்ட போட்டோவுக்கு முன்னாடி நின்னு இதைச் சொல்லிட்டு, அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டோம். இன்னிக்கு இந்த மூணும் அப்படியே பொருந்துற ஒருத்தரைப் பத்திப் பேசப் போறேன். ஆனா கொஞ்சம் கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

அவர் பெயர் சுப்புலட்சுமி. பாடகி எம்.எஸ். இல்லைங்க. இவங்க சிஸ்டர் சுப்புலட்சுமி. 1886-ல் பிறந்தவர். அப்பா சுப்பிரமணிய ஐயர். பொண்ணு படிப்புல கெட்டிக்காரி. ஆனா அந்தக் கால வழக்கப்படி 11 வயசுல கல்யாணம். கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். அவ்வளவுதான், பதினோரு வயசுல விதவை.

அன்றைக்கு ஒரு பிராமண வீட்டில் இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. தலையை மழித்துவிடுவார்கள். நகை, பூ, பொட்டு கிடையாது. நல்ல காரியம் எதிலும் முன்னாடி வந்து நிற்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க அடுப்படி வேலை. இதைச் செய்தது ஏதோ வெளியாள் இல்லை. பெத்த அம்மா அப்பா, அத்தை, பாட்டி. அழுதுகொண்டே செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் செய்தார்கள்.

சுப்புலட்சுமி வீட்டில் அது நடக்கவில்லை. பொண்ணுக்குத் தலை மழிக்கப் போவதில்லை, படிக்க வைக்கப் போறோம்னு பெற்றோர் முடிவெடுத்தார்கள். அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கான்வென்ட், அதுக்கப்புறம் மாநிலக் கல்லூரி. 1911-ல் பட்டம் வாங்கினார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமா படுறது இந்த இடம்தான். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே வயசுல நூத்துக்கணக்கான பொண்ணுங்க. ஒருத்திக்குப் பட்டம், மத்தவங்களுக்கு இருட்டு அறை. வித்தியாசம் திறமை இல்லை. ஒரு வீட்டில் ரெண்டு பேர் எடுத்த முடிவு. நம்ம வேலையில 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோம்ல? ஒரே ஒரு சர்வரை நம்பி மொத்த சிஸ்டமும் நிற்கும். அது விழுந்தா எல்லாம் விழும். ஒரு விதவைச் சிறுமியோட வாழ்க்கையில அந்த சர்வர் குடும்பம்தான். அது கைவிட்டா வேற வழியே கிடையாது.

சுப்புலட்சுமி செய்தது அந்த வேற வழியை உருவாக்கியதுதான். சில விதவைச் சிறுமிகளை எழும்பூரில் தன் அப்பா வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். 1912-ல் சாரதா பெண்கள் சங்கம் தொடங்கினார். கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் கல்வி அதிகாரி அரசாங்கத்தின் உதவி கிடைக்க வழி செய்தார். வீட்டை நடத்தியது யார் தெரியுமா? வாலாம்பாள், சுப்புலட்சுமியின் சித்தி. அவரும் விதவை. சமையல், காய்ச்சல் வந்தா கஷாயம், அழுற குழந்தையைத் தூங்க வைக்கிறது, எல்லாம் சித்தி. பட்டம் வாங்கியவர் பெயர் நமக்குத் தெரியுது. சித்தி இல்லாம அந்த இல்லம் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது.

சிறுமிகள் அதிகமானதும் இடம் பத்தவில்லை. கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் உங்க எல்லாருக்கும் தெரியும். மெரினாவுக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கினார், அதனால இன்னிக்கு அது விவேகானந்தர் இல்லம். நடுவுல பல வருஷம் அங்கே விதவைச் சிறுமிகள் தங்கிப் படிச்சாங்க. அடுத்த முறை அந்தப் பக்கம் சுண்டல் வாங்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

பக்தின்னு சொன்னேன் இல்லையா? இங்கதான் சிக்கல். இல்லத்தில் பூஜை உண்டு, ஆசாரச் சமையல் உண்டு. சிஸ்டரே கடைசி வரை எளிமையான விதவைக் கோலத்திலேயே இருந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. சீர்திருத்தக்காரர்களுக்கு இது போதவில்லை. ஆசாரக்காரர்களுக்கோ விதவைகள் பள்ளிக்கூடம் போவதே பொறுக்கவில்லை. ரெண்டு பக்கமும் அடி. ஆனா அந்த ஆசாரம் இருந்ததால்தான் தஞ்சாவூர்ப் பக்கத்து அப்பா ஒருத்தர் பயமில்லாம பொண்ணை அங்கே விட்டுட்டுப் போக முடிந்தது. போகும்போது விதவையா விட்டுட்டுப் போனார். திரும்பி வரும்போது அவ டீச்சர். கையில சம்பளம். வீட்டில் அவளை யாரும் மூலையில் உட்கார வைக்க முடியாது.

இதில் ஒரு பெரிய குறையும் உண்டு, அதையும் சொல்லிடணும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும். மற்ற சாதிப் பொண்ணுங்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர் பிறந்த அதே 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பின்னாளில் அவ்வை இல்லம் தொடங்கி, எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். சிஸ்டரைக் கும்பிடுறவங்க இதை மறைக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லா வீட்டுக் கதவையும் அவர் தட்டவில்லை. ரெண்டுமே உண்மை.

1922-ல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. முதல் முதல்வர் சிஸ்டர்தான். வயசு கடந்துபோன விதவைகளுக்கு இல்லத்தில் இடமில்லை என்றதும் அவர்களுக்காக சாரதா வித்யாலயா. அரசு வேலையில் இருந்துகொண்டே குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். அந்தத் தடைச் சட்டம் 1929-ல் நிறைவேறியது. பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14. இன்னிக்கு நமக்கு 14 அதிர்ச்சியா இருக்கு. அன்னிக்கு அதுக்கே அவ்வளவு எதிர்ப்பு. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர், 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பரில் மறைந்தார்.

சொந்தக் குழந்தை இல்லை. ஆனா குடும்பத்துக்காக வாழ்ந்தவர்னு இவரைச் சொன்னா அது பொய்யே இல்லை. தனக்குக் கிடைச்ச மாதிரி ஒரு குடும்பத்தை, அது கிடைக்காத பொண்ணுங்களுக்கு உண்டாக்கிக் கொடுத்தார். அவங்க யாரும் அவருக்கு ரத்த சொந்தம் இல்லை.

உங்க வீட்லயும் பாருங்க. முதல்ல படிச்ச பொண்ணு யாரு? பாட்டியா, பெரியம்மாவா? அவங்க படிக்கணும்னு யார் முடிவெடுத்தாங்க, யார் தடுத்தாங்க? அவங்க படிக்கும்போது சமையலறையில் யார் இருந்தாங்க? இந்த வாரம் போன் போட்டுக் கேளுங்க. போட்டோவுக்கு மாலை போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.