பேறுகாலத்தில் கணவனின் பங்கு
(பங்கின் ஆண்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெண்களுக்குரியது என்று உங்களில் சிலர் எண்ணலாம். அதனால்தான் தாய்மார்களை விட்டு உங்களை மட்டும் அழைத்தேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏழாம் மாதம் பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துப் போவார்கள். தலைப்பேறு அவர்கள் செலவு. அது பாசத்தில் வந்த வழக்கம், குறைகூற வரவில்லை. ஆனால் அன்றோடு மருமகப்பிள்ளை விருந்தாளியாகி விடுகிறார். பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் மிட்டாய் வாங்க ஓடுகிறார். அதுவரை அவருக்கு வேலையே இல்லையா? பேறுகாலம் நெருங்கிய மரியன்னையைச் சூசையப்பர் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் பெத்லகேமுக்குத் தனியே போகவில்லை.

ஒன்று சொல்கிறேன். மனைவியின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் கணவனின் வகையும் தெரிந்தாக வேண்டும். கணவன் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாகப் பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. இதற்கு மாமியார் போய் இரத்தம் கொடுத்துப் பயனுண்டா? நீங்கள்தான் போக வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பல பெண்கள் பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். கறுப்பது இயல்புதான். காப்பி, தேயிலையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மட்டும் சத்து உடம்பில் சரியாகச் சேராது. விடியுமுன் பூச்சந்தைக்கு ஓடுகிறவர்கள், இரவுச் சோற்றுக்குப் பின்னாவது அந்த மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கலாமே!

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு அரசு தருகிறது. அது தாயின் வயிற்றுக்கு வந்த பணம். வட்டிக் கடனுக்கு வந்ததல்ல. இதை யாருக்குச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

2018–20 கணக்குப்படி ஒரு இலட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். முகவீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் பெரியவர்களைக் கேட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவ அறைக்குள் ஆண்களை விடுவதில்லையே என்பீர்கள். மெய்தான், துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுகிறார்கள். நீங்கள் வாசலில் இருங்கள். இரத்தம் வேண்டுமென்று நர்ஸம்மா வந்து கேட்கும்போது ஆள் வேண்டும். தன் இரத்த வகை தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். ஒருநாள் எல்லாருமாக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வருவோம், நானும் வருகிறேன்.