யந்திரமும் புத்தியும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வியாபார ஸ்தலங்களில் கம்ப்யூட்டர் புகுந்து வேலைமுறையை எப்படி மாற்றுகிறது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. படித்ததையும் கேட்டதையும் என் அறிவுக்கு எட்டியவரை சொல்லுகிறேன். சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள்.

இன்று மளிகைக்கடை முதல் மில் வரையில் "எங்களிடம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது" என்று பெருமை பேசாதவர் இல்லை. வந்தது யந்திரம், வாஸ்தவம். கூடவே யோசனையும் வந்ததா? யந்திரம் வாங்கப் பணம் போதும். வேலையைச் சீர்திருத்தப் புத்தி வேண்டும். இதற்கு இங்கிலாந்து தேசத்திலிருந்து இரண்டு சங்கதிகள் சொல்லுகிறேன்.

முதல் சங்கதி, லயன்ஸ் கம்பெனி. இது பீரங்கி செய்த கம்பெனியல்ல. தேநீரும் ரொட்டியும் கேக்கும் விற்ற கம்பெனி. சில்லறை வியாபாரமானதால் லாபம் துளித் துளியாகத்தான் வரும். ஆனால் கணக்கோ மலைபோல் குவியும். அதை எழுதவே குமாஸ்தாக்கள் கூட்டம் வேண்டியிருந்தது. 1947ல் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிப் புதிய முறைகளைப் பார்த்துவரச் சொன்னார்கள். தங்கள் தேசத்துக் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கம்ப்யூட்டர் தயாராகி வருகிறது என்பது அவர்களுக்கு அமெரிக்காவில்தான் தெரிந்தது! கம்பெனி அந்த வேலைக்கு 3,000 பவுன் கொடுத்து உதவியது. 1949ல் கேம்பிரிட்ஜ் யந்திரம் ஓடியது. அதைப் பார்த்து லயன்ஸ்காரர்கள் தாங்களே "லியோ" என்ற யந்திரத்தைக் கட்டினார்கள். 1951 நவம்பரில் அது ரொட்டிப் பண்டங்களின் மதிப்புக் கணக்கைப் போட ஆரம்பித்தது. பிறகு சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளம் போட 8 நிமிஷம் ஆகுமாம். லியோவுக்கு 1½ விநாடி.

டீக்கடைக்காரனுக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? யந்திரம் வருவதற்கு முன்பே, 1930களிலேயே, ஆபீஸ் வேலைமுறைகளை ஆராய்வதற்கென்று ஒரு பிரிவை அவர்கள் வைத்திருந்தார்கள். இந்தத் தாள் எதற்கு? இதை யார் படிக்கிறார்கள்? நிறுத்தினால் என்ன கெட்டுப்போகும்? இப்படிக் கேட்டுப் பழகியவர்கள் கையில் யந்திரம் கிடைத்தது. தேநீர்க்கடைகளுக்குத் தினமும் முழு ஜாபிதா எழுதும் வழக்கத்தை மாற்றினார்கள். வழக்கமான தேவை யந்திரத்தில் இருக்கும்; மாற்றம் இருந்தால் மாத்திரம் டெலிபோனில் சொன்னால் போதும். சம்பளக் கணக்கைக்கூட, பழைய முறையையும் புதிய முறையையும் கூடவே நடத்தி ஒத்துப்பார்த்த பிறகே யந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். இதுதான் பகுத்தறிவு.

இரண்டாவது சங்கதி அதே தேசத்தின் தபாலாபீஸ். 1999 முதல் சிறு தபாலாபீசுகளுக்கு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் கணக்குமுறை வந்தது. செய்தது ஐ.ஸி.எல். கம்பெனி. லியோவின் வமிசம் பல கைமாறிச் சேர்ந்த இடமும் இதுதான் என்பது வேடிக்கை! கணக்கில் இல்லாத பள்ளம் விழுந்தது. பணம் எங்கே என்று கேட்டார்கள். "நான் எடுக்கவில்லை" என்றவனை யார் நம்பினார்கள்? கம்ப்யூட்டர் சொன்னது வேதவாக்கு. மனிதன் சொன்னது பொய்! மாறாக நிரூபிக்கப்படாதவரை கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்கிறது என்று கோர்ட்டும் அனுமானித்துக்கொண்டது. தொள்ளாயிரம் பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். வீடு விற்றார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 2010ல் கர்ப்பிணி ஒருத்தியையும் சிறையில் தள்ளினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு.

அலன் பேட்ஸ் என்ற ஒருவர் விடவில்லை. 555 பேர் சேர்ந்து வழக்காடி, 2019 டிசம்பரில் யந்திரத்தில் கோளாறு உண்டென்று தீர்ப்பு வாங்கினார்கள். 2024ல் பார்லிமெண்டு சட்டம் செய்து தண்டனைகளை ரத்து செய்தது. போன வருஷங்களை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

தோழர்களே! யந்திரத்தின் மீது எனக்கு விரோதமில்லை. மனிதனுடைய பாரத்தைக் குறைக்கும் எதையும் நாம் வரவேற்க வேண்டியவர்களே. இரண்டு இடத்திலும் யந்திரம் யந்திரந்தான். ஓரிடத்தில் அதைச் சோதித்தார்கள். மற்றோரிடத்தில் அதைக் கும்பிட்டார்கள். மனிதன் செய்ததை மனிதனே கும்பிட்டால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா?

நம் மில்லிலே கைரேகை யந்திரம் வருகையைப் பதியவில்லை என்று அரைநாள் கூலியைப் பிடித்தால், "யந்திரம் சொல்லிவிட்டது" என்பது பதிலாகாது. அந்தக் கணக்கை எனக்குக் காட்டு; தப்பிருந்தால் திருத்துபவன் யார் என்று சொல்; மிச்சமான நேரத்தாலும் பணத்தாலும் வந்த லாபத்தில் உழைக்கிறவனுக்கு என்ன பங்கு என்று சொல். இந்த மூன்றையும் பயமின்றிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் வேலை போகும். ஐம்பது பேர் கேட்டால் பதில் வரும்.

கேட்கத் தெரிந்தவனுக்கு யந்திரம் வேலைக்காரன். கேட்கத் தெரியாதவனுக்கு அதுவே எஜமானன்.