கறுத்த விரலில் தப்புக் கணக்கு



கொரோனா காலத்தில் விரல் நுனியைக் கவ்விய சின்னக் கருவியை நாம் மறந்திருக்க மாட்டோம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்று அதற்குப் பெயர். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று ஊசி குத்தாமலே அது சொல்லிவிடும். 1974-ல் ஜப்பானிய இன்ஜினியர் டக்குவோ அவோயாகி இதற்கு வழி கண்டார். விஞ்ஞானம் நமக்களித்த பெரும் பேறு இது.

சிவப்பொளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. பிராணவாயு நிறைந்த ரத்தம் சிவப்பொளியைக் குறைவாக விழுங்கும். குறைந்த ரத்தம் அதிகமாக விழுங்கும். அந்த வித்தியாசத்தில்தான் கணக்கு.

இன்று இக்கருவி கம்பியில்லாமல் கம்ப்யூட்டரோடு இணைந்துவிட்டது. நோயாளி வீட்டிலேயே படுத்திருக்கலாம். எண் இறங்கினால் ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும். நல்லதுதான். ஆனால் அந்த எண்ணே தப்பானால்? மணி அடிக்காது!

தோலின் கறுப்பு நிறமும் ஒளியை விழுங்குகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதம் வரை காட்டிய வேளைகளில், ரத்தம் எடுத்துச் செய்த சோதனை என்ன சொன்னது என்று ஒப்பிட்டார்கள். உண்மையில் 88 சதத்துக்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் 3.6 சதம் தடவை, கறுப்பரிடம் 11.7 சதம் தடவை. மூன்று மடங்கு!

ஏன் இப்படி? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013-ம் வருட வழிகாட்டி, 10 பேரிடம் சோதித்தால் அதில் 2 பேர் கறுத்த தோலுடையவராக இருந்தால் போதும் என்றது. 2025 ஜனவரியில் வெளியிட்ட நகலில்தான் 150 பேர் வேண்டும் என்றது.

பஞ்சுத் தூசியில் மூச்சிழைக்கும் மில் தொழிலாளிக்கும், வெயிலில் நடவு நடும் கூலிப் பெண்ணுக்கும் இது அயலார் சங்கதியா? இல்லை. எனவே நாம் கேட்கிறோம்: இங்கே விற்கும் கருவிகளை நம்மைப் போன்ற தோலுடையவர்களிடம் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். மூச்சுத் திணறுகிறது என்று வருபவரை எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கருவி வந்துவிட்டது என்று நர்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

யந்திரம் நமக்குப் பகையல்ல. கூலி நெல் அளக்கும் மரக்கால் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். மூச்சை அளக்கும் கருவியையும் அப்படியே பார்ப்போம்!