இல்லத்துப் பட்டறைக்கு ஓர் எஃகு மேசை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. இன்று நாம் இரும்பைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். பிலாயில் வாழும் தமிழர்க்கு இது புறம்பான பொருள் அன்று. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் இங்குள்ள முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் தொடங்கி வைத்தார்கள். அதன் பின்னர்த் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு தந்தது எஃகே. நாடெங்கும் செல்லும் இருப்புப் பாதைகளில் நம் ஊர்த் தண்டவாளங்கள் கிடக்கின்றன.

ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஓர் இரும்புத் துண்டைத் தம் கையால் அளந்து, அறுத்து, மற்றொன்றோடு இணைத்திருக்கின்றனர்? எஃகின் இழுவலிமையைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுகின்றனர். அரத்தைப் பிடிக்கும் முறை தெரியவில்லை. மறுபுறம், முப்பது நாற்பது ஆண்டுகள் பற்றவைப்புத் தொழிலில் கைதேர்ந்த பெரியவர்கள் ஓய்வு பெற்று நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் கைத்திறன் அவரோடே போய்விடலாகாது. அதனைப் பிள்ளைகளிடம் சேர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஒரு நல்ல எஃகு மேசை இருந்தால், அதுவே அவ்விடம் ஆகும்.

மேசை எதற்கு, தரையில் வைத்துப் பற்றவைக்கலாகாதா என்று சிலர் வினவக்கூடும். கொல்லனுக்குப் பட்டடை எவ்வளவு இன்றியமையாததோ, பற்றவைப்பவனுக்கு மேசை அவ்வளவு இன்றியமையாதது. கூடா நட்பைப் பற்றிப் பேசும் 821-ஆம் குறளில் வள்ளுவர் பட்டடையை உவமையாக எடுத்தாள்கின்றார் என்றால், அக்கருவி அன்றே தமிழ் மக்களுக்கு எத்துணைப் பழக்கமானது என்பது விளங்கும். பட்டடை அடியைத் தாங்கினால் போதும். நம் மேசையோ அளவுகோலாகவும் விளங்க வேண்டும். மேசை கோணியிருந்தால் அதன்மேல் செய்யும் கதவும் கோணும், நாற்காலியும் ஆடும். ஆதலின் முதலில் செய்ய வேண்டிய பொருளும் மேசையே. மிகுந்த கருத்தோடு செய்ய வேண்டிய பொருளும் அதுவே.

இனி, வேண்டும் பொருள்களைக் கூறுவோம். மேற்பரப்புக்கு 1200 மில்லிமீட்டர் நீளமும் 900 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு ஒன்று வேண்டும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உடைய எஃகுத் தகடு 7.85 கிலோகிராம் நிறுக்கும். அக்கணக்கின்படி நம் தகட்டின் எடை ஏறத்தாழ 85 கிலோகிராம். இந்த அளவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 900, 1200 என்னும் பக்கங்கள் செங்கோணத்தில் அமைந்தால் மூலைவிட்டம் சரியாக 1500 வரும். கடையிலேயே அளவு நாடாவை இரு மூலைவிட்டங்களிலும் பிடித்துப் பார்த்து, தகடு சதுரமாக அறுபட்டுள்ளதா என அறியலாம். நேரான கோல் ஒன்றைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துத் தகட்டின் சமனையும் பார்த்து வாங்குக.

சட்டத்திற்கும் கால்களுக்கும் 50 மில்லிமீட்டர்ச் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர்ச் சுவருடையது, ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு போதும். துத்தநாகம் பூசிய குழாயை வாங்க வேண்டா. அதனைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை மூச்சில் இழுத்தால், சில மணி நேரத்திற்குப் பின் குளிரும் காய்ச்சலும் காணும். பூச்சில்லாத கருங்குழாயே ஏற்றது.

மேற்சட்டம் 1100-க்கு 800 ஆகட்டும். தகடு நாற்புறமும் 50 மில்லிமீட்டர் வெளியே நீண்டு நிற்கும். கிளாம்ப் பிடிப்பதற்கு அவ்விளிம்பு வேண்டும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும், கால்களைப் பிணைக்கக் கீழ்ச்சட்டமும் அமைத்திடுக. தொழில் செய்பவர் நிமிர்ந்து நின்றால் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேசை இருத்தல் நலம்; பலருக்கு 850 முதல் 900 மில்லிமீட்டர் உயரம் பொருந்தும்.

வேலையின் ஒழுங்கு இது. நம்மிடமுள்ள பொருள்களுள் மிகவும் சமமானது அத்தகடே. ஆகவே அதனைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சட்டத்தை அடுக்குக. நான்கு மூலைகளிலும் சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைத்து, மூலைவிட்டங்களை அளந்திடுக. இரண்டும் ஒன்றாகும் வரை மெல்லத் தட்டித் திருத்தலாம். புள்ளியைப் பெயர்த்தல் எளிது, முழுப் பற்றவைப்பைப் பெயர்த்தல் அரிது. கால்களையும் மூலைமட்டம் வைத்து அவ்வாறே நிறுத்துக.

முழுப் பற்றவைப்பில்தான் பொறுமை வேண்டும். எஃகு 100 பாகை வெப்பம் ஏறினால் மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும். உருகிய எஃகோ 1500 பாகை அளவில் நிற்பது. அது குளிர்ந்து சுருங்கும்போது தன்பக்கமாக மூலையை இழுக்கும். ஒரே மூலையைத் தொடர்ந்து பற்றவைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒரு மூலையில் சிறிது, அதன் எதிர் மூலையில் சிறிது, பின்னர் ஆறவிடுதல் என மாறி மாறிச் செய்தால் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடு செய்யும். தகட்டைச் சட்டத்தோடு இணைக்கும்போதும் சுற்றிலும் தொடர்ச்சியாகப் பற்றவைத்தல் கூடாது, தகடு வளைந்துவிடும். ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்கு ஒரு முறை 25 மில்லிமீட்டர் போதும்.

கொட்டகைத் தரை நீர் வடியச் சாய்ந்திருக்கும். எனவே ஒவ்வொரு காலின் அடியிலும் மரை ஒன்றைப் பற்றவைத்து, 16 மில்லிமீட்டர் மரையாணியை முடுக்கி, இரசமட்டம் பார்த்துச் சமப்படுத்துக. கால்களுக்கு வண்ணம் பூசலாம், மேற்பரப்புக்குக் கூடாது. மின்சாரம் அதன் வழியே செல்ல வேண்டும். துரு ஏறாதிருக்க எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

இனிக் கூறுவது, முன் கூறிய அனைத்தினும் முதன்மையானது. 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை வேண்டும். வீட்டுச் சுவரில் உள்ள சாதாரணச் செருகுவாய் அச்சுமையைத் தாங்காது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, முறையான எர்த்துடன் தனிக் கம்பி இழுத்துக்கொள்ளுதல் வேண்டும். பற்றவைப்பின் ஒளியை வெறுங்கண்ணால் நோக்கியவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போன்ற வலி எழும். ஆகவே 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் தொழில் செய்பவருக்கும், மறைப்புத் தட்டி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் வேண்டும். உடுப்பது பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகி உடலில் ஒட்டும். மூடிய பீப்பாயை எக்காரணத்தாலும் பற்றவைக்க வேண்டா. வேலை முடிந்த பின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து, பொறி எதுவும் கனிந்துகொண்டில்லை என்று உறுதி செய்த பிறகே கதவை மூடுதல் வேண்டும்.

பெரியோர்களே! இம்மேசையைத் தனியே செய்ய வேண்டா. தகடும் சட்டமுமாக 130 கிலோகிராமுக்கு மேல் வரும் பொருளைத் தூக்குவதற்கே நாலு பேர் தேவை. குடியிருப்பு விதிகளைப் பார்த்துக்கொண்டு, நான்கு வீட்டார் கூடி ஒரு மேசை செய்வோம். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும். மூலைவிட்டத்தை மகன் அளக்கட்டும். கவசம் அணிந்து மகள் பற்றவைக்கட்டும். முதல் வரிசை மேடுபள்ளமாகத்தான் வரும். பத்தாவது வரிசையில் கை நிலைப்படும். அதற்கப்பால் அப்பிள்ளைக்கு எஃகு என்பது பாடப் பகுதி மட்டும் அன்று. பெற்றோரின் உழைப்பு எத்தகையது என்பதும் விளங்கும்.

நம் சங்க நூலகத்துக்குப் புத்தக அடுக்கு ஒன்று தேவைப்படுகின்றது. புதிய மேசையில் செய்யும் முதற்பொருள் அதுவாக அமையட்டும்.